கிராண்ட் கேன்யனில் தண்ணீர்க் குழாய் ஏன் ஓயாமல் உடைகிறது?

மேகலை_82:
2024 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் இரவு தங்குவதையே நிறுத்திவிட்டார்களாம், குடிநீர்க் குழாய் உடைந்ததால். அதுவும் செப்டம்பர் தொடக்கத்தில் வருகிற அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை நேரத்தில்! கீழே கொலராடோ ஆறு ஓடுகிறது, மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதுதானே? இல்லையென்றால் மேலேயே போர்வெல் போடலாமே?

பொட்டல்காடு:
குழாயைத் திட்டுவதற்கு முன் அது வருகிற வழியைப் பாருங்கள். வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊற்று, அங்கிருந்து 12.5 மைல் அலுமினியக் குழாய், குறுகலான பாறை இடுக்கு வழியாக இறங்கி, நடைபாலத்துக்கு அடியில் தொங்கியபடி ஆற்றைத் தாண்டி, தெற்கு விளிம்புக்குக் கீழே இருக்கிற ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை பம்பே இல்லாமல் தானாக வந்துவிடும். அப்புறம்தான் மேலே ஏற்ற பம்பு. கட்டிக்கொண்டிருக்கும்போதே 1966 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மறுபடி கட்டி முடிக்க 1970 ஆகிவிட்டது. 2010க்குப் பிறகு மட்டும் 85க்கு மேல் பெரிய உடைப்புகள். ஒவ்வொரு தடவையும் ஆளையும் சாமானையும் ஹெலிகாப்டரில் இறக்கி ஒட்டுப்போடுகிறார்கள்.

ஊற்றுக்கண்:
போர்வெல் யோசனை சரிப்படாது. நிலத்தடி நீர் 3,000 அடி ஆழத்தில் கிடக்கிறது, அதை உறிஞ்சினால் பள்ளத்தாக்குக்குள் கசிகிற ஊற்றுகள் அடிவாங்கும். ஆற்றிலோ மழைக்காலத்தில் ஒரே சேறு. ஆனால் மேகலை, நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் இப்போது செய்கிறார்கள். 2023ல் தொடங்கிய 20.8 கோடி டாலர் வேலையில், தண்ணீர் எடுக்கிற இடத்தையே ஆற்றுக்குப் பக்கத்தில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற ஃபேன்டம் ராஞ்ச் என்ற தங்குமிடத்துக்கு அருகே பிரைட் ஏஞ்சல் ஓடைக்கு மாற்றுகிறார்கள். அதே ஊற்றுத் தண்ணீர்தான் அந்த ஓடையில் வருகிறது, அடிக்கடி உடைகிற மேல்பகுதிக் குழாய் தேவைப்படாது. ஓடைத் தண்ணீர் என்பதால் மேலே புதுச் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். 2027ல் முடிப்பதாகத் திட்டம். ஆற்று மட்டத்திலிருந்தே பம்பு வைத்து ஏற்ற வேண்டியிருப்பதால் கரன்ட் செலவு கூடத்தான் செய்யும், எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

பொட்டல்காடு:
கழிவுநீர் விஷயத்தில் மட்டும் தெற்கு விளிம்பில் இருக்கிற ஊர் ரொம்ப முன்னோடி. 1926லேயே சுத்திகரித்த கழிவுநீரை டாய்லெட்டுக்கும் புல்தரைக்கும் விட்டிருக்கிறார்கள்.

மேகலை_82:
சரி, நாங்கள் குடும்பத்தோடு போகலாமா வேண்டாமா?

ஊற்றுக்கண்:
தாராளமாகப் போங்கள். 2024லும் பகலில் சுற்றிப் பார்க்கத் தடையில்லை, வாசலுக்கு வெளியே டுசாயானில் ஹோட்டல்களும் திறந்துதான் இருந்தன. கீழே இறங்குவதாக இருந்தால் வழியில் குழாய் இருக்கும் என்று நம்பாமல் தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள், வேலை நடப்பதால் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.