வந்த நாட்டின் மொழி மனத்தில் தங்க: நினைவட்டைகளைப் பயன்படுத்துவது குறித்துச் சில யோசனைகள்

புதிய நாட்டுக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டு மொழி வகுப்பில் சேர்ந்திருக்கும் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: வகுப்பில் நன்றாகப் புரிந்த சொல், அடுத்த வாரம் அலுவலகத்தில் யாரேனும் சொல்லும்போது எங்கோ கேட்டதுபோல் மட்டுமே இருக்கிறது. இதற்கு நான் அறிந்தவற்றுள் மிக உறுதியான வழி, ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் எழுதிய, ஃபிளாஷ் கார்டு எனப்படும் நினைவட்டைகளை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்ப்பதுதான். ஆயினும் ஆர்வத்தோடு தொடங்குகிற பலர் சில வாரங்களிலேயே இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம், அட்டைகளை எங்கிருந்து எடுக்கிறோம், எப்படி எழுதுகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை சேர்க்கிறோம் என்பதில் கவனம் செலுத்தாமையே. ஆகவே நினைவட்டைச் செயலியின் அமைப்புகளைக் காட்டிலும் அட்டைகளைப் பற்றியே அதிகமாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் ஜெர்மன் மொழியிலிருந்து; டச்சு, பிரெஞ்சு, ஜப்பானியம் கற்பவர்களுக்கும் அடிப்படை இதுவே.

இம்முறைக்குப் பின்னால் நீண்ட ஆய்வு மரபு இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதையும், ஒரே அமர்வில் பலமுறை படிப்பதைவிடப் பல நாள்களுக்குப் பிரித்துப் படிப்பது நன்கு நிலைக்கிறது என்பதையும் அவர் காட்டினார். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் இதை, அட்டைகளைப் பெட்டி பெட்டியாக நகர்த்தும் முறையாக எளிமைப்படுத்தினார். போலந்தைச் சேர்ந்த பியோத்தர் வோஸ்னியாக், 1987இல் இடைவெளியைக் கணினியே கணக்கிடும் முறையை உருவாக்கினார். இன்று பலரும் பயன்படுத்தும் ஆங்கி செயலி 2006இல் வந்தது. அது நெடுங்காலம் வோஸ்னியாக்கின் கணக்கீட்டைத் தழுவியே இயங்கியது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அது இலவசம். ஐபோனுக்கு மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

சரியாக நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அந்த அட்டை திரும்பி வரும் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது: மறுநாள், பிறகு மூன்று நாள், ஒரு வாரம், பதினெட்டு நாள், ஒன்றரை மாதம் என்று நீள்கிறது. தவறினால் மீண்டும் குறுகிய இடைவெளிக்கு இறங்குகிறது. மறக்கப்போகும் தறுவாயில் நாமே முயன்று நினைவுகூர்வதுதான் பலன் தருகிறது என்பதால், விடையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பு மனத்துக்குள்ளோ, முடிந்தால் வாய்விட்டோ சொல்லிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்து அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போவதில் பயன் மிகக் குறைவு.

இனி அட்டைகளுக்கு வருகிறேன். அதிகம் புழங்கும் ஐயாயிரம் சொற்கள் என்று பிறர் தயாரித்து வைத்த தொகுப்பைத் தரவிறக்கிக்கொண்டு தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் சில நூறு சொற்களுக்கு அது உதவும்; அதற்கு மேல், எங்கும் கேட்டிராத, யாரிடமும் சொல்லத் தேவைப்படாத சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்போது மனம் அவற்றைப் பற்றிக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை. வேற்று நாட்டில் வாழும் நமக்கு ஒரு நற்பேறு இருக்கிறது: அன்றாடம் வரும் கடிதம், குழந்தையின் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பு, மருத்துவமனை வரவேற்பறையில் நம்மிடம் கேட்ட கேள்வி என அனைத்தும் அட்டைக்குரிய வாக்கியங்களே. அவற்றில் ஒன்றைப் பொருள் விளங்கிப் படித்த பிறகு அட்டையாக்குங்கள். புரியாத ஒன்றை அட்டையில் எழுதி, புரட்டப் புரட்டப் புரிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஓர் அட்டையை அருகில் வைத்துப் பார்ப்போம். முன்பதிவு நேரம் ஒன்றை உறுதிசெய்யும்போது நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் ‘இஃ ஹாபெ ஐனென் டெர்மீன் உம் நொயின் ஊர்’, அதாவது ஒன்பது மணிக்கு எனக்கு முன்பதிவு இருக்கிறது. அட்டையின் முன்புறத்தில் ‘டெர்மீன்’ இருக்கும் இடத்தைக் கோடிட்டு வெறுமையாக விட்டு, மற்றச் சொற்களை அப்படியே வையுங்கள். பின்புறத்தில் விடுபட்ட சொல், அதன் பன்மை, முழு வாக்கியத்தின் ஒலிப்பதிவு ஆகியவை மட்டும் போதும். இவ்வாறு எழுதுவதில் கூடுதல் பயனும் உண்டு. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என ஒரு பால் இருக்கிறது. அஃறிணைப் பொருளுக்கு ஆண்பாலும் பெண்பாலும் கற்பிப்பது தமிழ் இலக்கணத்தில் பழகிய நமக்கு இயல்பாக வராது. ஆனால் ‘ஐனென்’ என்ற வடிவம் ஆண்பால் சொல்லுக்கு முன்பு மட்டுமே வருவதால், வாக்கியத்தோடு சேர்த்து மனத்தில் பதியும் சொல் தன் பாலையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி என்ற கட்டுப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே அட்டையில் மூன்று இடங்களை வெறுமையாக்கினால், இரண்டைச் சரியாகச் சொல்லி ஒன்றில் தவறும்போது, சரி என்பதா தவறு என்பதா, எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது.

இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன் என்றாலும், அட்டையில் அம்மொழியின் எழுத்தையே பயன்படுத்துங்கள். தமிழில் ஒலிப்பை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அது தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினாலும் பின்னர் பெருந்தடையாகிறது. பயணப்பெட்டியில் பொருள்களை அடுக்குவதற்கும் ரொட்டி சுடுவதற்கும் ஜெர்மனில் உள்ள இரு வினைகளும் தமிழில் ‘பக்கென்’ என்றே எழுதப்படும். முதலாவது மூச்சுக்காற்று வெடித்து வரும் பகரம், இரண்டாவது மெலிந்து ஒலிக்கும் பகரம். நம் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே ஒலிப்பதிவு இல்லாத அட்டையை நான் முழுமையான அட்டையாகக் கருதுவதில்லை.

பொருளை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. ஐரோப்பிய மொழி என்பதால் ஆங்கிலத்தில் எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சொற்களைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. வாக்கிய அமைப்பில் அப்படிச் சொல்ல முடியாது. குளிர்கிறது என்பதை ஜெர்மானியர் ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்கிறார்கள். ‘மியர்’ என்பது ‘எனக்கு’. ‘எனக்குக் குளிர்கிறது’ என்று பின்புறத்தில் எழுதியவர் அதைத் தடையின்றிப் பிடித்துக்கொள்வார். ஆங்கில வாக்கியத்தை எழுதியவர் ‘நான்’ என்று தொடங்கித் தடுமாறுவார். அதுபோல, துணை வாக்கியங்களில் வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கமானதே. தாய்மொழியைத் துணையாகக் கொள்ளத் தயங்க வேண்டாம்.

ஒரே வகைச் சொற்களை ஒரே நாளில் சேர்ப்பதைத் தவிருங்கள். கிழமைகள், நிறங்கள், இடம் வலம் போன்றவற்றை ஒன்றாகப் புகுத்தினால் அவை ஒன்றையொன்று குழப்பும்.

அளவு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆங்கியில் நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று முன்பே அமைக்கப்பட்டிருக்கிறது. வேலை, குடும்பம், வகுப்பு மூன்றையும் சுமப்பவருக்கு இது அதிகம். இன்று சேர்க்கும் அட்டை நாளையும் மறுவாரமும் அடுத்த மாதமும் திரும்பி வருவதால், புதிய அட்டைகளின் எண்ணிக்கையைப் போல ஏழு முதல் பத்து மடங்கு மீள்பார்வை நாள்தோறும் சேரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 20 அட்டை என்றால் 200 வரை போகும். ஐந்தோ எட்டோ போதும். நோய், பயணம் என்று சில நாள்கள் விட்டுப்போனால், புதிய அட்டைகளைச் சுழியமாக்கிவிட்டு, தேங்கியவற்றை நாளுக்குச் சிறிது சிறிதாக முடியுங்கள். முழுத் தொகுப்பையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது வீண்.

விடை எவ்வளவு நினைவில் இருந்தது என்று செயலிக்குச் சொல்லும் பொத்தான்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். விடை நினைவுக்கு வராதபோது ‘மீண்டும்’ என்பதை அழுத்த மனமின்றி, ‘கடினம்’ என்பதை அழுத்துபவர்கள் பலர். ‘கடினம்’ என்பது தடுமாறியேனும் சரியாகச் சொன்னதற்கானது. மறந்ததற்கு அதை அழுத்தினால், அந்த அட்டை தெரிந்ததாகக் கணக்கில் ஏறும். 2023இல் ஆங்கியில் சேர்க்கப்பட்ட புதிய கணக்கீட்டு முறை நம் விடைகளைக் கொண்டே நம் மறதியை மதிப்பிடுவதால், பிற அட்டைகளின் இடைவெளியும் தவறாக நீண்டுவிடும்.

திரும்பத் திரும்ப மறக்கும் அட்டை எல்லாருக்கும் இருக்கும். எட்டு முறை தவறியதும் செயலி அதைத் தனியே அடையாளமிடுகிறது; அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கிறது. அதை அப்படியே மறுபடி உள்ளே விடாமல், வேறொரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள், அல்லது துணிந்து நீக்கிவிடுங்கள். தேவையான சொல் எனில் எப்படியும் வாழ்க்கையில் மறுபடி எதிர்ப்படும்.

அட்டைகள் உரையாடலுக்கு மாற்றாகா. வேகமாகப் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் கேட்பதால் மட்டுமே வரும். அட்டைக்கு இருபது நிமிடம் என்றால், வானொலிக்கும் அக்கம்பக்கத்தாரோடு பேசுவதற்கும் அதைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

கைபேசித் திரையை விரும்பாதவர்களும், பிள்ளைகளோடு வந்து தங்கும் பெற்றோரும் லைட்னரின் பெட்டி முறையையே பின்பற்றலாம். தடித்த காகிதத்தை அட்டைகளாக வெட்டி, ஐந்து பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். முதற் பெட்டியை நாள்தோறும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகட்டும். தவறியது எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதற் பெட்டிக்கே திரும்பட்டும். ஒலிப்பதிவு இல்லாத குறையை ஈடுசெய்ய, வாரம் ஒருமுறை அம்மொழி நன்கறிந்த ஒருவரை அந்த வாக்கியங்களை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.