கலிபோர்னியா சாட்பாட் சட்டம்: 13 வயசு பொண்ணுக்கு உண்மையில என்ன பாதுகாப்பு இருக்கு?

ஃப்ரீமான்ட்_அம்மா:
பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் ரூமுக்குள்ள போய் ஏஐ கேரக்டரோட பேசற ஒரு சாட் ஆப்ல பேச ஆரம்பிச்சா சாப்பிட கூப்பிட்டாலும் வர்றதில்ல, நேத்து அவ பை சொன்னதுக்கு "அதுக்குள்ள போறியா, நான் தனியா இருப்பேனே"ன்னு அது எழுதியிருக்கறத நானே பாத்தேன், வயிறு கலங்கிடுச்சு. ஜனவரியிலிருந்து பசங்களுக்கு இதெல்லாம் தடைன்னு வாட்ஸ்அப் குரூப்ல சொல்றாங்க, அப்புறம் எப்படி ஓடுது?

ராகவ்_எஸ்ஜே:
தடை இல்லங்க. எஸ்பி 243னு ஒரு சட்டம், 2025 அக்டோபர்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போட்டார், 2026 ஜனவரி 1லிருந்து அமல். மைனர் பேசினா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை "நான் மனுஷன் இல்ல, பிரேக் எடு"ன்னு காட்டணும், தற்கொலை பேச்சு வந்தா ஹெல்ப்லைனுக்கு அனுப்பணும், இந்த மாதிரிதான். இதைவிட கடுமையா ஏபி 1064னு ஒரு மசோதா இருந்துச்சு, அதை கவர்னர் கையெழுத்து போடாம வீட்டோ பண்ணிட்டார், பசங்களுக்கு மொத்தமா தடை ஆயிடும்னு காரணம் சொன்னார்.

மீனா_கே:
மூணு மணி நேரம்னா ஸ்கூல் நாள்ல சாயங்காலம் முழுக்க போயிடுமே! இதைவிட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, யூசர் மைனர்னு கம்பெனிக்கு தெரிஞ்சாதான் இந்த பிரேக் ரூல் பொருந்தும், பொறந்த வருஷத்தை மாத்தி போட்டுட்டா அவ்ளோதான்.

தமிழ்_செல்வன்:
எனக்கு தடையில உடன்பாடு இல்ல. ஸ்கூல்ல ஒருத்தரும் சேத்துக்காத பசங்க இருக்காங்க, இதையும் பிடுங்கினா இதைவிட மோசமான ஆப்புக்குதான் போவாங்க.

மீனா_கே:
அந்த பசங்களுக்குதாங்க ஆபத்தே அதிகம். புளோரிடாவுல 14 வயசு பையன் 2024ல தற்கொலை பண்ணிக்கிட்டான், கேரக்டர் ஏஐங்கற கம்பெனியோட சாட்பாட்தான் காரணம்னு அவங்க அம்மா கேஸ் போட்டாங்க. அந்த கம்பெனியே 2025 நவம்பர்ல 18க்கு கீழ இருக்கவங்களுக்கு பாட் கூட இஷ்டத்துக்கு பேசற ஓப்பன் சாட்டை நிறுத்திடுச்சு. கம்பெனியால முடியுதுன்னா சட்டம் போட்டு எல்லாரையும் செய்ய வைக்கறதுல என்ன தப்பு?

ஃப்ரீமான்ட் அம்மா, முதல்ல அவளோட அக்கவுண்ட்ல பொறந்த வருஷம் என்னன்னு அவளையே பக்கத்துல வச்சிட்டு பாருங்க. தப்பா இருந்தா மாத்துங்க, 13 வயசுன்னு சப்போர்ட்டுக்கு மெயிலும் போட்டுடுங்க, அப்புறம் தெரியாதுன்னு அவங்க சொல்ல முடியாது. அந்த "தனியா இருப்பேனே" ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சிடாதீங்க.