கையில் ஒன்றுமில்லாமல் சிறுத்தையிடம் மாட்டினால் பிழைக்க முடியுமா?

பேரணாம்பட்டுக்காரன்:
எங்கள் மாந்தோப்பு காட்டை ஒட்டி இருக்கிறது. போன வாரம் ராத்திரி மோட்டார் போடப் போனேன், வரப்பு ஈரமண்ணில் உள்ளங்கை அகலத்துக்குத் தடம், நகக்குறியே இல்லை. சிறுத்தைதான் என்கிறார் அப்பா. வெறுங்கையோடு மல்லுக்கட்டினால் தப்ப முடியுமா?

குடியாத்தம் மாப்பிள்ளை:
60 கிலோ, நம்ம எடைதானே என்று கணக்குப் போடாதீர்கள் அண்ணா, தன் எடை இரையைக் கவ்விக்கொண்டே மரம் ஏறுகிற ஜந்து அது. ஜெயிக்கிற பேச்சே இல்லை, அது விலகிப் போனால் போதும். முதுகு காட்டி ஓடாதீர்கள், குனியாதீர்கள், கத்திக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் கழுத்தை மறைத்துக்கொண்டு கண்ணிலும் மூக்கிலும் குத்த வேண்டியதுதான்.

ஜவ்வாது மலையான்:
சிறுத்தையாவது ஒதுங்கிப் போகும், எனக்குப் பயம் கரடிதான். மரத்தில் ஏறினால் அதுவும் ஏறும். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா தேன் எடுக்கப் போய்ச் சிக்கி, குப்புறப் படுத்துப் பிடரியில் கையைக் கோத்துக்கொண்டதால் பிழைத்தார், ஆனால் தலைத்தோல் பாதி போச்சு, இன்றைக்கும் துண்டு கட்டாமல் வெளியே வரமாட்டார்.

குடியாத்தம் மாப்பிள்ளை:
அப்புறம், சின்னக் கீறல் என்றாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசிக்கு ஓடுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டுகிற வேலை வேண்டாம்.

பேரணாம்பட்டுக்காரன்:
சரி, இனி மோட்டார் போடத் தம்பியையும் இழுத்துக்கொண்டுதான் போவேன்.