புதுப்பிப்பு: லைப்சிக்கில் முகவரிப் பதிவு முடிந்தது

பரிமாற்ற மாணவியாக ஜெர்மனிக்கு வந்த புதிதில், "தற்காலிக அறையில் இருக்கிறேன், முகவரிப் பதிவு செய்ய முடியவில்லை, பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதம் ஒரு தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) பணமும் கைக்கு வரவில்லை, என்ன செய்வது" என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்போது மூன்று பேர் பங்கிடும் வீட்டில் நிரந்தர அறை கிடைத்துவிட்டது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, நாம் அங்கே குடியேறியதை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் கட்டாயம். முந்தைய இடத்தில் அதைத்தான் தர மறுத்தார்கள். புதிதாக வருபவர்கள் தயவுசெய்து முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வாடகை குறைவு என்பதற்காக இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

பதிவுச் சான்றைக் காட்டியதும் இங்கே வங்கிக் கணக்கு திறந்தது, பிளாக்டு அக்கவுண்டிலிருந்து அதற்கு மாதம் 992 யூரோ வர ஆரம்பித்துவிட்டது.

அப்புறம், பதிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். பயப்பட வேண்டாம். மாதம் 18.36 யூரோ என்பது வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை. வீட்டுத்தோழி ஏற்கெனவே கட்டுவதால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினேன். என் பங்கை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

தனிமை பற்றியும் சிலர் அக்கறையாக விசாரித்தீர்கள். ஞாயிறுதான் கடினமாக இருந்தது, கடைகள்கூடப் பூட்டியிருக்கும். இப்போது அன்று மதியம் மூவரும் சேர்ந்து சமைக்கிறோம். என் ரசத்துக்கு இரண்டாவது கிண்ணம் கேட்கிறார்கள்!