முட்டு மாற்றிய காலில் ஆட்டம், அவசர உதவி தேவை

குலசேகரம்_மகன்: அம்மாவுக்கு முட்டு மாற்றும் ஆபரேஷன் செய்திருக்கிறோம். இப்போது படி இறங்கும்போது கால் திடீரென்று வழுகி மடங்குகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

திங்கள்நகர்_பிசியோ: எப்போது ஆபரேஷன்? ஆரம்பத்திலிருந்தே ஆட்டமா, இடையில் வந்ததா? வீக்கம், சூடு, காய்ச்சல்?

ரப்பர்தோட்டம்: தொடைத் தசையில் பலமில்லை, அவ்வளவுதான். காலை நீட்டித் தூக்கும் பயிற்சி போதும். என் மாமியாருக்கு அதில்தான் சரியானது.

பழைய_உறுப்பினர்: விவரமே இல்லாமல் கேட்டால் இப்படித்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். நீட்டும்போது உறுதியாக இருந்து, 90 டிகிரி மடக்கும்போது மட்டும் தளரும் முட்டும் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். கட்டிலோரம் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்து, டாக்டர் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் அடிப்படை.

அருமனை: வர்ம ஆசானிடம் ஒருதரம் தடவிப் பாருங்கள்.

திங்கள்நகர்_பிசியோ: வேண்டாம். உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். காரணம் தெரியாமல் அதைத் திருகக் கூடாது.

அருமனை: எங்கள் ஊர் வைத்தியம் என்றால் உங்களுக்கு இளக்காரம்.

ரப்பர்தோட்டம்: அருமனை சொல்வது சரி. களரியில் அடிபட்ட எத்தனை பேரை ஆசான்மார் நடக்க வைத்திருக்கிறார்கள்!

திங்கள்நகர்_பிசியோ: அதை மறுக்கவில்லை அண்ணே. அது சொந்த மூட்டு, இது அப்படியில்லை.

குலசேகரம்_மகன்: இடது கால். இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் நன்றாக நடந்தார்கள். காய்ச்சல் இல்லை, வீக்கம் வந்து வந்து போகிறது.

திங்கள்நகர்_பிசியோ: நன்றாக இருந்த முட்டு பிறகு ஆடினால், பிளாஸ்டிக் தேய்ந்திருக்கலாம், பாகம் எலும்பிலிருந்து தளர்ந்திருக்கலாம், தசைநார் அறுந்திருக்கலாம். கிருமித் தொற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளை எடுங்கள், உடம்பில் அழற்சி இருந்தால் அவை கூடும். தேவைப்பட்டால் மூட்டு நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் நீங்களாக ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடாதீர்கள், கிருமி இருந்தாலும் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) சிக்காமல் போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள், எந்த வகை மூட்டு வைத்தார்கள் என்று தெரிய வேண்டும். அதுவரை கைத்தடி, படியில் கைப்பிடி. விழுந்தால் எலும்பும் போகும்.

பழைய_உறுப்பினர்: தொற்று இல்லையென்றால் பிரேஸும் (முட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) தசைப் பயிற்சியும். அதில் அடங்காவிட்டால் மறு ஆபரேஷன். வெறுமனே தடிமனான பிளாஸ்டிக் மாற்றுவது எல்லோருக்கும் போதாது, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சம்மதிக்காதீர்கள்.

குலசேகரம்_மகன்: சி.ஆர்.பி. கூடுதலாம். நீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் வருகிறேன்.