இறக்கத்தில் மனம் விலகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு டாடா ஏஸில் காய்கறி ஏற்றிப் போகிறேன், நான்கு வருடமாக அதே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறு மாதமாக, காலி வண்டியோடு இறங்கும்போது மனம் எங்கோ போய்விடுகிறது. போன செவ்வாய்க்கிழமை பதினான்காவது வளைவில் ஹார்ன் அடித்தது ஞாபகம் இருக்கிறது, அடுத்து நினைவு வரும்போது ஒன்பதாவது வளைவின் பலகை கண் முன்னே நிற்கிறது, நடுவில் கியர் மாற்றினேனா, எதிரே பஸ் வந்ததா, ஒன்றுமே தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

இது தூக்கம் இல்லை. ஏழு மணி நேரம் தூங்குகிறேன், கண்ணும் சர்க்கரையும் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. பாட்டை நிறுத்தினேன், இன்னும் மோசம். வளைவுகளை வாய்விட்டு எண்ணினேன், இரண்டு நாள் உதவியது, அப்புறம் வாய் எண்ணுகிறது, மனம் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் நிற்கிறது. பனிமூட்டத்தில் ஏறும்போது மட்டும் ஒரு நொடிகூட விலகுவதில்லை. பழகிய எளிதான வேலையில்தான் மனம் அதிகம் அலைகிறது போல. 2010-ல் வந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், இப்போது மனம் எதில் இருக்கிறது என்று ஆட்களிடம் கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதத்தில் அவர்கள் மனம் செய்யும் வேலையில் இல்லையாம், அதனால் முழுக்க நிறுத்த முடியாது என்று புரிகிறது.

மனம் விலகிய உடனேயே அதைக் கண்டுகொள்ள, ஓட்டும்போதே செய்யக்கூடிய எந்தப் பழக்கம் உங்களுக்குப் பலன் தந்தது?