புரூட்டஸ எட்டப்பன் மாதிரி காட்டுறதா வேணாமா? திருவிழா நாடகத்துக்கு அவசரமா ஒரு சந்தேகம்

பாம்பன்பய எழுதியது:

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கத்துல ஒரு கடக்கரை ஊரு நம்மளது. திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஞானசௌந்தரி நாடகந்தான் போடுவோம், இந்த வருஷம் பயலுக ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் நாடகந்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாய்ங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, ஆளுக சும்மாதான் இருக்காய்ங்கன்னு நானும் சரின்னுட்டேன், ராத்திரி வலை பின்னுற கொட்டகைல ஒத்திகை ஓடுது.

ரெண்டு பிரச்சனை. சீசரக் குத்துற கூட்டாளி புரூட்டஸ் வேஷம் கட்டுற பய மீசைய முறுக்குறதும் ஓரக்கண்ணால பாக்குறதுமா அப்படியே எட்டப்பன் மாதிரி நடிக்கிறான், "நீயுமா புரூட்டஸ்"னு கேக்குறப்ப கூட்டம் காறித் துப்பணுமாம். நான் நாடகத்தப் படிச்சப்ப எனக்கு அப்படித் தோணல, அவன் ராத்திரி தூக்கம் வராம தோட்டத்துல அலையிறான், பொண்டாட்டி என்னய்யா ஆச்சுன்னு கேக்குறா, வில்லன் மாதிரியே இல்ல. அவன எப்படிக் காட்டுறது?

ரெண்டாவது, சீசரா நடிக்கிறது ஒரு படகு மொதலாளி மாமா. மேடைச் செலவுல பாதி அவரு. பாதிலயே செத்துருவோம்னு அவருக்கு இன்னும் தெரியாது.

தொண்டி டீச்சர் எழுதியது:

தம்பி, உங்களுக்குத் தோணினதுதான் சரி. நான் இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆனவ, இந்த நாடகத்த எத்தன தடவ நடத்திருப்பேன்னு கணக்கே இல்ல. 1599-ல ஷேக்ஸ்பியர் இத எழுதினப்ப பேருதான் சீசருக்கு, ஆளு மூணாவது அங்கம் மொதக் காட்சியிலயே காலி, மிச்சம் பூரா புரூட்டஸோட கததான். அந்தத் தோட்டத்துப் பேச்ச நிதானமாப் படிக்கச் சொல்லுங்க. சீசர் மேல எனக்குன்னு ஒரு பகையும் இல்ல, அவரு புத்திய மீறி ஆசை ஆடினத நான் பாத்ததும் இல்ல, ஆனா தலையில கிரீடம் ஏறிட்டா மாறிட்டாருன்னா? அதனால பாம்பு முட்டைக்குள்ள இருக்கப்பவே நசுக்கிடணும்கிறான். இன்னும் செய்யாத தப்புக்குத் தண்டன. அந்த இடத்துல உங்க பய மீசைய முறுக்கினான்னா போச்சு.

ஆனா கூட்டம் துப்புறதுலயும் நியாயம் இருக்கு. கி.மு. 48-ல பார்சாலஸ் சண்டைல புரூட்டஸ் நின்னது சீசருக்கு எதிர்ப்பக்கம். தோத்தவன மன்னிச்சு, கூட வச்சு, கி.மு. 44-ல ரோம் நகரத்துக்கே நீதிபதி பதவி குடுத்தது சீசர். உப்பிட்டவர உள்ளளவும் நினைங்கிற ஊரு நம்மளது, கோவம் வரத்தான் செய்யும். ஏசுவ யூதாசு காட்டிக் குடுக்குற பாஸ்கா நாடகம் பாத்து வளந்த பசங்கதானே, இதையும் சொல்லுங்க: இத்தாலிக் கவிஞர் தாந்தே நரகத்தோட அடி ஆழத்துல சாத்தானோட மூணு வாயில மூணு பேரப் போட்டு மெல்ல விட்டார், நடு வாயில யூதாசு, மத்த ரெண்டுல புரூட்டஸும் அவன் கூடச் சேந்து சதி பண்ணின காசியஸும். அப்படி யூதாசுக்குப் பக்கத்துல கெடந்தவனத்தான் ஷேக்ஸ்பியர் தூக்கிட்டு வந்து நாயகனா நிறுத்தினாரு.

அந்த "நீயுமா"வும் நாடகத்து வசனந்தான். சீசர் மொதக் குத்துல ஒரு முனகல், அதுக்கப்புறம் வாயே தெறக்கலன்னுதான் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுறார், "நீயுமா மகனே"ன்னு கிரேக்கத்துல கேட்டார்னு சில பேரு சொல்றாங்கன்னு பின்னாலயே சேத்துக்கிறார்.

கீழக்கரைக்காரன் எழுதியது:

டீச்சர் அவன ரொம்பத்தான் நல்லவனாக்கிட்டீங்க. நெச புரூட்டஸ் சைப்ரஸ் தீவுல சலாமிஸ்னு ஒரு ஊருக்கு ஆள் வச்சு கடன் குடுத்தவன், வட்டி வருஷத்துக்கு 100-க்கு 48, நம்ம ஊர்க் கணக்குல நாலு வட்டி. கவர்னரா வந்த சிசரோ 12-க்கு மேல கெடையாதுன்னு, அதாவது ஒரு வட்டிதான்னு உத்தரவு போட்டிருக்கார், இவன் ஒத்துக்கல. வசூலுக்குப் போனவன் குதிரப்படையோட ஊர்ச்சபைய அடைச்சுப் போட்டதுல அஞ்சு பேரு பட்டினியாவே செத்துட்டாய்ங்க. சிசரோ லெட்டர்லயே இருக்கு. எங்க வாப்பா வட்டின்னு பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாக, இவன நாயகன்னா ஒத்துக்குவாகளா.

அப்புறம் எட்டப்பன் எட்டப்பன்னு மேடையில வேற சொல்லிறாதீங்க, எட்டயபுரத்துக்காரவுக சண்டைக்கு வந்துருவாக.

தேவிபட்டினம் நாட்டுப்படகு எழுதியது:

துரோகின்னு ஒருத்தன் வேணும்னா அந்தப் புரூட்டஸ விட்ருங்கப்பா, இன்னொரு புரூட்டஸ் இருக்கான், டெசிமஸ். நாடகத்துல டீசியஸ்னு பேரு மாறி வருவான். சீசரோட படைத்தலைவன், உயில்லயே பேரு இருக்கு, முந்துன நாள் ராத்திரி லெபிடஸ் வீட்டு விருந்துல சீசர் கூட உக்காந்திருக்கான், அங்க எந்தச் சாவு நல்ல சாவுன்னு பேச்சு வந்து, எதிர்பாக்காம வர்றதுதான்னு சீசர் சொல்றாரு, இவன் கேட்டுக்கிட்டே இருந்திருக்கான் பாருங்க. மறுநாள் மார்ச் 15, சீசர் பொண்டாட்டி கெட்ட கனவு கண்டு சபைக்குப் போகாதீகன்னு அழுவுறா, அவரும் சரி போகலன்னுட்டாரு, இவந்தான் வீட்டுக்கே வந்து பேசிக் கூட்டிட்டுப் போயி விட்டது. நாடகத்துல அந்தக் கனவுக்கே நல்ல அர்த்தம் சொல்லி ஏமாத்துவான். 23 குத்து. பாத்த வைத்தியரு உசுர எடுத்தது அதுல ஒண்ணே ஒண்ணுதான்னாராம். மீசைய முறுக்குற பயலுக்கு இந்த வேஷத்தக் குடுங்க, ஆனா முறுக்கக்கூடாது, சிரிக்கணும்.

புரூட்டஸ் விஷயம் எனக்குத் தெரிஞ்சு வேற. காசியஸ் அவன இழுத்ததே பேருக்காகத்தான், அவன் பாட்டன் முப்பாட்டன் ஒருத்தன் ரோம்ல ராஜாவ வெரட்டினவன்னு பேரு, அந்தப் பேரு முன்னாடி நின்னா சனம் நம்பும். எங்க பக்கத்துல ஒரு சங்கத்துல இதே கூத்து நடந்துச்சு, எந்த ஊருன்னு கேக்காதீங்க. பழைய தலைவரு நாக்காலிய விட மாட்டேன்னாரு, நல்லது பண்ணினவருதான், ஆனா டீசல் டோக்கன்ல இருந்து ஏலக் கமிஷன் வரைக்கும் எல்லாம் அவரு கையிலதான் இருக்கணும்னாரு. அவர எறக்க, பெரிய குடும்பத்துப் புள்ள ஒருத்தர முன்னாடி நிறுத்துனாய்ங்க. ரொம்ப நல்ல மனுஷன். எறக்குறது ஒரே நாள்ல முடிஞ்சுச்சு, மறுநாள் காலைல படகுத்துறைல போயி என்ன பேசணும்னு ஒருத்தருக்கும் தெரியல, பழைய தலைவரோட மச்சான் மைக்கப் புடிச்சு அழுது முடிச்சிட்டாப்ல.

புரூட்டஸும் அதான். சீசரோட ஆளு ஆண்டனியையும் சேத்து முடிச்சிருவோம்னு காசியஸ் சொல்றான், வேணாம் நாம கசாப்புக்காரனுக இல்லங்கிறான். எழவு வீட்டுல அவனப் பேச விடாதன்னு கெஞ்சுறான், அதுவும் கேக்கல. ஆண்டனி வந்து "புரூட்டஸ் கண்ணியமான மனுஷன்"னு திருப்பித் திருப்பிச் சொல்லியே ஊரக் கொளுத்திட்டான், அதோட உயில வேற விரிச்சு ஆளுக்கு 75 திராக்மா வெள்ளிக்காசுன்னு வாசிச்சான்னா எவன் நிப்பான். சதி பண்ணின சின்னாவும் நீயும் ஒரே பேருன்னு ஒரு கவிஞன வேற புடிச்சு அடிச்சே கொன்னுட்டாய்ங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பிலிப்பிச் சண்டைல தோத்து புரூட்டஸ் தற்கொல. ராஜா வேணாம்னு இத்தன பண்ணியும் என்ன ஆச்சு, சீசரோட அக்கா பேரன் அகஸ்டஸ்னு சக்கரவர்த்தியா உக்காந்துட்டான்.

சம்பந்தமில்லாம ஒண்ணு, அழகன்குளத்துல தோண்டி எடுத்தாய்ங்களே ரோமன் காசு, சீசர் காலத்துக்கு ரொம்பப் பிந்தினதுதான், ஆனா மேடைக்குப் பின்னால ஒரு துணில அந்தக் காசு மாதிரி வரைஞ்சு தொங்க விட்டா நம்ம சனம் ஒட்டிக்கும்.

பாம்பன்பய எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேஷத்த மாத்தியாச்சு. மீசப் பயலுக்கு டெசிமஸ், சிரிக்கச் சொன்னா அதவிட பயமா இருக்கு. புரூட்டஸுக்கு எங்க பள்ளிக்கூட வாத்தியாரு ஒருத்தரப் போட்டிருக்கோம், இயல்பாவே தூக்கம் வராத ஆளு. நாலு வட்டி மேட்டர டெசிமஸ் வாயில ஒரு கிண்டலா வச்சுக்கிறோம், டீச்சர் கோவிச்சுக்காதீங்க.

மாமாகிட்ட நேத்து ராத்திரி சொன்னேன். மொதல்ல, செத்ததுக்கப்புறம் எம்புட்டு நேரம் கெடக்கணும்னாரு. ஆண்டனி பேசி முடிக்கிற வரைக்கும்னேன். கொசுக்கடில அம்புட்டு நேரம் எவன்யா கெடப்பான், செலவும் பண்ணி சாகவும் செய்யணுமான்னு எந்திரிச்சுட்டாரு. நாலாவது அங்கத்துல பேயா வந்து பிலிப்பில பாத்துக்குறேன்டான்னு புரூட்டஸ மெரட்டுவீங்கன்னு சொன்னதும் திரும்ப உக்காந்துட்டாப்ல. இப்ப அந்தப் பேய்க்கு தனியா ஒரு பாட்டு வேணுமாம்.